அனைத்தையும் ஏற்கிறேன்

எங்கள் வீட்டுக் குளியலறைத் தாழ்ப்பாள் நாலு வருடமாக உடைந்து கிடந்தது. வீட்டில் அம்மா, அக்கா, நான் என்று மூன்றே பேர். அந்த நாலு வருடத்தில் ஒரு தடவைகூட நான் தட்டாமல் உள்ளே போனதில்லை. தட்டுவேன். குரல் வந்தால் திரும்பிவிடுவேன். வராவிட்டால் இன்னொரு தடவை தட்டுவேன். இதை ஏன் முதலில் சொல்கிறேன் என்றால், உங்கள் தனியுரிமை ஆணையத்திலிருந்து வந்த கடிதத்தில் என்னைப் "பிறர் அந்தரங்கத்தில் அத்துமீறியவர்" என்று எழுதியிருக்கிறீர்கள். எழுதியவர் என்னோடு ஒரே வீட்டில் இருந்து பார்த்தவர் இல்லை. புகார் கொடுத்தவர் இருந்து பார்த்தவர்தான். அதற்கு அப்புறம் வருகிறேன்.

ஒலிப்பதிவைத் தொடங்குமுன் நாலு பக்கத் தாள் ஒன்றை நீட்டிக் கையெழுத்துக் கேட்டீர்கள். போட்டேன். படிக்கவில்லை. நான் படிப்பேன் என்று நீங்களும் எதிர்பார்க்கவில்லை. பேனாவின் மூடியை முன்கூட்டியே கழற்றி வைத்திருந்தீர்கள். மூடி கழற்றிய பேனாவைப் பார்த்தால் கை தானாகப் போகும். தொழில் தெரிந்தவன் என்ற முறையில் சொல்கிறேன், நல்ல வேலை.

என் தொழிலும் அதுதான். ஏதாவது ஓர் இணையதளத்தைத் திறந்தால் கீழேயிருந்து ஒரு பெட்டி எழும்பி வந்து, "உங்கள் தனியுரிமையை மதிக்கிறோம்" என்று சொல்லி ஒரு பச்சைப் பொத்தானைக் காட்டும். அந்தப் பெட்டியைச் செய்கிறவன் நான். நூற்றுக்கணக்கான தளங்களில் என் பெட்டி எழும்புகிறது. நீங்களும் அமுக்கியிருப்பீர்கள். நன்றி.

உங்கள் சட்டம் வருமுன் இப்படி ஒரு வேலையே கிடையாது. அப்போது தளங்கள் கேட்காமலே எடுத்துக்கொண்டன. நீங்கள் எந்தச் செருப்பைப் பார்த்தீர்கள், எத்தனை நொடி பார்த்தீர்கள், வாங்காமல் எங்கே போனீர்கள் என்பதையெல்லாம் குக்கீ என்ற குட்டிச் சீட்டில் எழுதி உங்கள் முதுகில் ஒட்டிவிடுவார்கள். அடுத்த தளக்காரர் முதுகைப் படித்துவிட்டு அதே செருப்பை நீட்டுவார். சட்டம் வந்து, இனிமேல் கேட்டுவிட்டுத்தான் ஒட்டவேண்டும் என்றது. அலுவலகத்தில் அன்றைக்கு யாரும் மதியச் சாப்பாட்டுக்கு எழுந்திருக்கவில்லை. எங்கள் வக்கீலம்மா மூன்று நாள் கதவைச் சாத்திக்கொண்டு சட்டத்தைப் படித்தார். நாலாம் நாள் வெளியே வந்து, "கேக்கணும்னுதான் இருக்கு. பதில் சொல்ல வசதி பண்ணித் தரணும்னு எங்கேயும் என் கண்ணுல படல" என்றார். அன்று சாயங்காலம் கேக் வெட்டினோம்.

மறுநாளே எனக்குப் புது வேலை கிடைத்தது. கேட்கிற வேலை.

எங்கள் மேலாளருக்குச் சதவீதம் என்று பெயர். பெற்றவர்கள் வைத்ததில்லை, நாங்கள் வைத்தது. இரண்டாவது குழந்தை பிறந்ததைச் சொல்ல வந்தவர், "வீட்ல முப்பத்துமூணு சதவீதம் வளர்ச்சி" என்றார். அவருக்கு வேண்டியது ஒரே ஒரு எண்: நூறு பேரில் எத்தனை பேர் பச்சையை அமுக்குகிறார்கள். முதல் பெட்டிக்கு ஐம்பத்தெட்டு. நான் முரட்டுத்தனமாக எதுவும் செய்யவில்லை. "மறுக்கிறேன்" என்ற பொத்தானை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் "விருப்பங்களை நிர்வகிக்க" என்று சாம்பல் நிறத்தில் எழுதினேன். நிர்வாகம் என்றதும் பாதிப் பேர் பயந்துபோனார்கள். மீறி உள்ளே போனால் எங்கள் கூட்டாளிகள் நானூற்றுப் பன்னிரண்டு பேரின் பட்டியல் விரியும், ஆளுக்கொரு சுவிட்ச். எல்லாவற்றையும் அணைத்து முடித்தால் பக்கத்தில் "நியாயமான அக்கறை" என்று இன்னொரு பக்கம் இருக்கும். அங்கே அதே நானூற்றுப் பன்னிரண்டு பேர், எல்லா சுவிட்சும் எரிந்தபடி. அக்கறையோடு இருப்பவர்களை அணைப்பதற்கு நல்ல மனிதர்களுக்குக் கை வராது. எண் தொண்ணூற்றேழு புள்ளி நாலுக்கு ஏறியது. சதவீதம் என் தோளைத் தட்டினார். அவர் மனிதர்களைத் தொட்டு நாங்கள் பார்த்தது அன்றுதான்.

புதுப் பெட்டி செய்தால் முதலில் வீட்டில்தான் சோதிப்பேன். அம்மாவுக்கு முக்கால் நொடி போதும். எந்தப் பெட்டி வந்தாலும் பச்சை. ஒருநாள், என்ன கேட்கிறதென்று தெரிந்துதான் அமுக்குகிறாயா என்று கேட்டேன்.

"என்ன கேட்டா என்னடா, பாவம், நின்னு மரியாதையா கேக்குது. உங்கப்பா முப்பது வருஷத்துல ஒரு தடவை என்னைக் கேட்டிருப்பாரா?"

உலகத்தில் எல்லோரும் என் அம்மாவாக இருந்திருந்தால் நாம் இங்கே உட்கார்ந்திருக்க மாட்டோம்.

அக்கா என்னைவிட எட்டு வயது மூத்தவள். பாடப்புத்தகங்கள் போடும் ஒரு பதிப்பகத்தில் பிழை திருத்துபவள். வீட்டில் அவளுக்குப் பூதக்கண்ணாடி என்று பெயர். எழுத்து என்று ஒன்று எங்கே இருந்தாலும் படித்துவிடுவாள். மருந்துப் பெட்டிக்குள் மடித்துவைத்த தாள், சோப்பு உறையின் உள்பக்கம், லிஃப்டில் எத்தனை கிலோ என்ற அறிவிப்பு எதையும் விட்டதில்லை. ஏழு பேர் ஏறிவிட்ட லிஃப்டிலிருந்து அவள் ஒருத்தி மட்டும் கணக்குப் பார்த்து இறங்கி, படியேறி வந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

என் பெட்டிகளையும் அப்படித்தான் படித்தாள். சோபாவில் கால்களை மடித்து உட்கார்ந்து, நானூற்றுப் பன்னிரண்டையும் ஒவ்வொன்றாக அணைப்பாள். பிறகு அக்கறைப் பக்கத்துக்குப் போய் மறுபடியும் நானூற்றுப் பன்னிரண்டு. அவள் கட்டைவிரல் தறியில் நாடா ஓடுவதுபோல ஓடும். நாலு நிமிடம் நாற்பது நொடி. முடித்ததும் ஃபோனை என் முகத்துக்கு நேரே நீட்டுவாள்.

"முடிஞ்சுதுடா தம்பி. அடுத்த பெட்டி எப்போ?"

அவள் சிரித்துக்கொண்டுதான் சொல்வாள். நானும் சிரிப்பேன். ஆனால் எண் தொண்ணூற்றேழு புள்ளி நாலில் நின்றுவிட்டது. மீதி இரண்டு புள்ளி ஆறு யார் என்று அலுவலகத்தில் யாருக்கும் தெரியாது. எனக்குத் தெரியும். அதற்கு ஒரு முகம் இருந்தது, தினமும் எனக்கு எதிரே உட்கார்ந்து சாப்பிட்டது.

அதோடு விட்டிருக்கலாம். ஒருநாள் எங்கள் நிறுவனத்துக்கு ஒரு கடிதம் வந்தது. அனுப்பியவரின் பெயரில்லை. பெட்டியில் உள்ள வாசகங்களில் பதினோரு பிழைகள் என்று பட்டியல் போட்டு, ஓரத்தில் சிவப்பு மையில் திருத்தியிருந்தது. மூன்று எழுத்துப் பிழைகள். மீதி எட்டும் வேறு வகை. "'உங்கள் அனுபவத்தை மேம்படுத்த': யாருடைய அனுபவத்தை? தெளிவுபடுத்துக." "'கூட்டாளிகள்': வாங்குபவர்கள் எனத் திருத்துக." "'மதிக்கிறோம்': நீக்குக." வாராந்திரக் கூட்டத்தில் சதவீதம் அதை முதல் வரியிலிருந்து கடைசி வரை சத்தமாக வாசித்தார். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். காபி கொடுக்க வந்தவர்கூட நின்று கேட்டுவிட்டுப் போனார். அந்தச் சிவப்பு மைக் கையெழுத்தில்தான் என் பள்ளிக்கூடக் கட்டுரைகள் அத்தனையும் திருத்தப்பட்டன. நான் எதுவும் சொல்லவில்லை. வீட்டிலும் கேட்கவில்லை. யார் கடிதம் எழுதினார்கள் என்று துருவுவது அநாகரிகம்.

நான் யோசிக்க ஆரம்பித்தேன், அவ்வளவுதான்.

படிக்கிறவர்கள் ஏன் படிக்கிறார்கள்? நேரம் இருப்பதால். பெட்டி வாசலில் வருகிறது. வாசலில் யாருக்கும் அவசரமில்லை. அப்படியானால் பெட்டியை வாசலில் வைக்கக்கூடாது. உள்ளே, அவர்கள் எதைப் பார்க்க வந்தார்களோ அதற்கு ஓரடி முன்னால் வைக்கவேண்டும். ஒரு தேர்வு முடிவுத் தளத்தில் வைத்துப் பார்த்தேன். எண்ணை அடித்து, பிறந்த தேதியை அடித்து, மதிப்பெண் திறக்கப்போகிற நொடியில் பெட்டி எழும்பும். தொண்ணூற்றொன்பது புள்ளி ஒன்று. பிறகு காணாமல்போன வளர்ப்பு நாய்களைத் தேடும் தளம். "உங்கள் நாயைப் போன்ற ஒன்று கிடைத்துள்ளது" என்று சொல்லி, படத்துக்கு மேலே பெட்டி. தொண்ணூற்றொன்பது புள்ளி ஆறு. சதவீதம் இம்முறை இரண்டு தோளையும் தட்டினார்.

அடுத்தது ஒரு மருத்துவப் பரிசோதனைக் கூடம். ரத்தம், சர்க்கரை, திசு, எல்லாம் பார்க்கிறவர்கள். அறிக்கை தயாரானதும் நோயாளி தன் ஃபோனிலேயே திறந்து படிக்கலாம். அவர்கள் தளத்தில் வாசலில் ஏற்கெனவே என் சாதாரணப் பெட்டி இருந்தது. "அறிக்கையைக் காண்க" என்ற பொத்தானுக்கும் அறிக்கைக்கும் நடுவில் ஒரு புதுப் பெட்டி வைத்தேன். அக்காவும் அங்கே போயிருந்தாள் என்று தெரிய வந்தது. ஒரு வியாழக்கிழமை காலை பதினொன்று நாற்பத்திரண்டுக்கு அவள் பச்சையை அமுக்கினாள். என் திரையில் பதிவாகியிருந்தது. புள்ளி எட்டு நொடி. அம்மாவைவிட ஒரு மயிரிழைதான் தாமதம்.

நான் அந்த ஒரு வரியை அச்செடுத்து என் மேசை இழுப்பறையில் வைத்திருக்கிறேன். நீங்கள் சான்றாகக் கேட்டால் நகல் தருகிறேன். அசல் எனக்கு வேண்டும்.

அன்று இரவு அக்கா சாப்பிடவில்லை, தலைவலி என்றாள். தோற்றுப்போனவர்கள் சாப்பிடாமல் படுப்பது இயல்பு என்று நினைத்துக்கொண்டேன். தான் தோற்றது அவளுக்கு இன்னும் தெரியாது என்பது அப்போது என் கணக்கில் வரவில்லை.

சனிக்கிழமை கூட்டாளிகள் வேலையைத் தொடங்கினார்கள். அக்காவின் கணக்கு எங்கெல்லாம் திறந்திருந்ததோ அங்கெல்லாம் அவர்கள் வருவார்கள். அது பெட்டியிலேயே எழுதியிருக்கிறது. அம்மா தொடர் பார்க்கிற டேப்லெட் அக்காவின் கணக்கில்தான் ஓடியது. முதலில் விக் விளம்பரங்கள். பிறகு தலையில் கட்டும் துணிகள், நிறம் நிறமாக.

"ஏன்டி, எனக்கு முடி கொட்டுறது இதுக்கு எப்படித் தெரிஞ்சுது?" என்று அம்மா கேட்டாள். அக்கா வந்து டேப்லெட்டை வாங்கிக்கொண்டு போனாள். அம்மா மறுபடியும் எடுத்துக்கொண்டாள். தொடரில் அன்றைக்குக் கல்யாணம் நிற்கப்போகிறது. ஞாயிறு மதியம் மணமகன் வாயைத் திறக்கிற சமயத்தில் ஒரு விளம்பரம் வந்து அக்காவின் பெயரைச் சொல்லி அழைத்தது. பெயர் சொல்லி அழைத்தால் முப்பது சதவீதம் கூடுதலாகக் கவனிக்கிறார்கள். "தைரியமாக இருங்கள், இந்தப் பயணத்தில் நீங்கள் தனியாக இல்லை" என்றது. அம்மா தொடரை நிறுத்திவிட்டு எழுந்து அக்காவின் அறைக்குப் போனாள். கதவு சாத்தப்பட்டது. உள்ளே என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. நான் ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டேன். அடுத்தவர் பேச்சை ஒட்டுக்கேட்கிற பழக்கம் எனக்கு இல்லை.

திங்கட்கிழமை நடந்ததை அக்காவே சொன்னாள். சமையலறையில் நின்றுகொண்டு, சத்தம் போடாமல் சொன்னாள். நான் தட்டில் சோற்றோடு உட்கார்ந்திருந்தேன்.

ஒன்பது வருடமாக அவள் அந்தப் பதிப்பகத்தில் தற்காலிகம். அந்தத் திங்கட்கிழமை நிரந்தரப் பணிக்கான தாளில் இயக்குநர் கையெழுத்துப் போடுவதாக இருந்தது. நிரந்தரமானால் சம்பளத்தோடு நீண்ட விடுப்பு உண்டு, சிகிச்சைக்கு நிறுவனம் பொறுப்பு. கையெழுத்தான மறுநாள் லீவு போட்டு, அம்மாவைப் பூங்காவுக்குக் கூட்டிப்போய், பெஞ்சில் உட்காரவைத்து, தானே பக்குவமாகச் சொல்வது என்று திட்டம் வைத்திருந்தாள். நாலு நாள் யாருக்கும் தெரியாமல் இருந்தால் போதும். அவளுக்கு வேண்டியிருந்தது நாலே நாலு நாள். அன்று காலை கூட்ட அறையின் பெரிய திரையில் ஒரு சொல்லின் பொருளைக் காட்டுவதற்காக அகராதித் தளத்தைத் திறந்தாள். சொல்லுக்குப் பக்கத்தில் இரண்டு விக். கீழே, "சிகிச்சை தொடங்குமுன் வாங்கினால் தொப்பி இலவசம்." இயக்குநர் நல்ல மனிதர். "உடம்பைப் பாத்துக்கோம்மா, வேலை எங்கே ஓடிப்போகுது?" என்றாராம். வேலை புதன்கிழமைக்குள் பக்கத்து மேசைக்கு ஓடிவிட்டது.

"நீதானேடா போட்டே அந்தப் பெட்டியை?" என்றாள் அக்கா.

"கேட்டுத்தானே போட்டேன் அக்கா. நீதான் சரின்னே."

"எப்போ கேட்டே தெரியுமா?"

"பதினொண்ணு நாப்பத்திரண்டுக்கு."

அவள் என்னை அப்படிப் பார்த்து நான் பார்த்ததில்லை. அச்சில் ஒரு பக்கமே தலைகீழாக வந்துவிட்டால் அப்படிப் பார்ப்பாளாக இருக்கும். பிறகு, "அந்த நேரத்துல என் உசிரை எழுதிக் கேட்டிருந்தாலும் சரின்னு அமுக்கியிருப்பேன்டா" என்றாள்.

அதைத்தான் நானும் சொல்கிறேன். அந்த இடத்தின் வலிமை அதுதான்.

கொடுத்த ஒப்புதலைத் திரும்பப் பெறலாம் என்று சட்டம் சொல்கிறது, அதற்கும் ஒரு படிவம் இருக்கிறது என்று அவளுக்கு ஞாபகப்படுத்தினேன். அந்தப் படிவமும் என் கைவண்ணம். ஒன்பது பக்கம். ஆறாம் பக்கத்தில், திரும்பப் பெறுவதற்கான காரணத்தைப் பட்டியலிலிருந்து தேர்ந்தெடுக்கவேண்டும். "உடல்நலம்" என்று தேர்ந்தெடுத்தால் அந்தத் தகவலைக் கூட்டாளிகளுடன் பகிர ஒப்புதல் கேட்கும். ஒன்பதாம் பக்கத்தில் "நிச்சயமாகவா?" என்று கேட்கும். ஆம் என்றால் முதல் பக்கம். அக்கா அதைப் படித்தாள். முழுதாக, எல்லாப் பக்கத்தையும், மூன்று தடவை. மூன்றாம் தடவை ஃபோனை மேசைமேல் கவிழ்த்து வைத்துவிட்டுக் காகிதம் எடுத்தாள்.

உங்களுக்கு வந்த புகார் அதுதான். அவள் ஏன் பதிவுத் தபாலில் அனுப்பினாள் என்று யோசித்தீர்களா? உங்கள் ஆணையத்தின் தளத்தில் "புகார் அளிக்க" என்ற பொத்தானுக்கு முன்னால் இருப்பதும் என் பெட்டிதான். போன வருடம் ஒப்பந்தம் போட்டோம். உங்கள் எண் தொண்ணூற்றெட்டு.

இனி நீங்கள் கேட்க நினைப்பதை நானே சொல்லிவிடுகிறேன். அக்கா அந்தக் கூடத்துக்குப் போயிருந்தது "தெரிய வந்தது" என்று சொன்னேன். எப்படித் தெரிய வந்தது என்று நீங்கள் குறுக்கே கேட்கவில்லை. அதுவும் நல்ல பழக்கம்தான். பெட்டி வாசகத்துக்கு ஒரு சொல் தேவைப்பட்டு அவள் அகராதியைப் புரட்டினேன். அவள் விட்ட பக்கத்தில் அடையாளத்துக்கு ஒரு சீட்டு இருந்தது. மடித்திருந்தது. நான் மடிப்பைப் பிரிக்கவில்லை. வெளியே தெரிந்ததை மட்டும் படித்தேன்: கூடத்தின் பெயர், திசுப் பரிசோதனை, அறிக்கை கிடைக்கும் நாள் வியாழன், காலை பதினொரு மணிக்கு மேல்.

அறிக்கைக்கு முன்னாலிருந்த அந்தப் பெட்டியை வியாழன் காலை பத்தரைக்குத்தான் ஏற்றினேன். வெள்ளிக்கிழமை எடுத்துவிட்டேன். எண் ஏறியிருக்கிறதே, ஏன் எடுக்கிறாய் என்று சதவீதம்கூடக் கேட்டார். மற்றவர்களுக்கு அது தேவையில்லை. மற்றவர்கள் வாசலிலேயே அமுக்கிவிடுவார்கள். அது ஓர் ஆளின் அளவுக்குத் தைத்தது. நடுவில் அறிக்கை பார்க்க வந்த அறுநூற்றுச் சொச்சம் பேரும் அமுக்கினார்கள் என்பது உண்மை. அவர்களை நான் அழைக்கவில்லை.

ஆகவே, ஆம். நான்தான் செய்தேன், தெரிந்தே செய்தேன், அவளுக்காகவே செய்தேன். ஆனால் அத்துமீறல் என்ற சொல்லை மட்டும் ஏற்க மாட்டேன். அதைத் திருத்துக.

போன மாதம் அக்கா ஆளைக் கூட்டிவந்து குளியலறைக்குப் புதுத் தாழ்ப்பாள் போட்டாள். உள்ளே போனால் தாழ்ப்பாளைப் போட்டுக் குழாயைத் திறந்து விட்டுக்கொள்கிறாள். வெகுநேரம் ஓடுகிறது. நான் தட்டி அவசரப்படுத்துவதில்லை. தண்ணீர் போகிற துளையில் கொத்துக் கொத்தாக முடி அடைத்துக்கொள்கிறது. அவளுக்குப் பின்னால் போகிற நான்தான் எடுத்துப் போடுகிறேன். ஒரு வார்த்தை கேட்பதில்லை. அந்த அறிக்கையில் என்ன எழுதியிருந்தது, டாக்டர் எத்தனை மாதம் சொல்லியிருக்கிறார், எதையும் இன்றுவரை நான் அவளிடம் கேட்டதில்லை. அதெல்லாம் அவளுடைய சொந்த விஷயம்.